வெள்ளை ஏறினால் நமக்கு நல்லது

நடுவர் தேர்வில் புதிதாகத் தேறி வந்திருக்கும் தம்பி தங்கைகளிடம் முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என்னை டீக்கடையில் பார்த்தாலும் சரி, கல்யாணத்தில் பார்த்தாலும் சரி, "சார், கம்ப்யூட்டர் உலக சாம்பியனையே தூக்கிச் சாப்பிடுதே, இனிமே செஸ்ஸு என்ன ஆவும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர் கேட்கிறார். பல் டாக்டர் என் வாயில் பஞ்சை அடைத்துவிட்டுக் கேட்கிறார். அந்த நிலையில் நான் என்ன பதில் சொல்வது?

ஒன்றும் ஆகாது. மோட்டார் சைக்கிள் வந்த பிறகும் பள்ளிக்கூடங்களில் ஓட்டப்பந்தயம் நடக்கத்தான் செய்கிறது. நானே எத்தனையோ நடத்தியிருக்கிறேன், அரியலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஓட்டப்பந்தயத்தில் எவனும் மோட்டார் சைக்கிளை டவுசர் பையில் ஒளித்துக்கொண்டு வர முடியாது. இங்கே முடியும். உலக சாம்பியனைத் தோற்கடிக்கிற சாமான் இன்றைக்குப் பாடாலூர் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. நம் தலைவலி அதுதான்.

இன்னொரு கேள்வியும் உங்களில் சிலர் கேட்கிறீர்கள். "திருட்டுத்தனத்தைக் கண்டுபிடிக்கவும் மென்பொருள் வந்துருச்சே சார், அப்புறம் நாம எதுக்கு?" இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. உட்காருங்கள், சொல்கிறேன். நான் நடுவராக இருந்த கடைசி வருஷம் நடந்த கதை. என்னோடு துணை நடுவராக இருந்த வித்யாவை உங்களுக்குத் தெரியும், இப்போது உங்களுக்கு வகுப்பெடுப்பவள்தான். நான் கூட்டிச் சொல்கிறேனா குறைத்துச் சொல்கிறேனா என்று அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபம். இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்துப் பெண்களுக்கான தேர்வுப் போட்டி. ஜெயிக்கிற ஒருத்தி மட்டும் மாநிலப் போட்டிக்குப் போகலாம். முந்தின நாள் அங்கே ஏதோ கல்யாணம். வாசலில் கட்டிய வாழைமரம் அப்படியே நிற்கிறது, மேடையில் மணமக்கள் பெயர் தெர்மாகோலில் பளபளக்கிறது, அதற்குக் கீழே செஸ் மேசைகள். நம் ஊரில் செஸ் இப்படித்தான் வளர்கிறது, வளரட்டும்.

போட்டி நடத்தியவர்களுக்கு அந்த வருஷம் ஓர் ஆசை வந்துவிட்டது. முதல் மேசைக்கு மட்டும் ஒரு மின்பலகை கொண்டுவந்து வைத்தார்கள். காயை நகர்த்தினால் அடுத்த நொடி இணையத்தில் தெரியும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "ஐயா, கொஞ்ச நேரம் தாமதிச்சு அனுப்புங்க. பெரிய போட்டியிலல்லாம் அப்படித்தான் பண்றாங்க" என்றேன்.

"லைவுன்னு போஸ்டர்ல போட்டுட்டுப் பழசைக் காட்டுனா ஜனங்க திட்டுவாங்க சார்" என்றார் போட்டிச் செயலாளர்.

"விளையாடுற எடத்துல போன் கூடாதுன்னு சொல்லிட்டு, நீங்களே லைவ்ல விட்டா என்னங்க அர்த்தம்?"

"போனுதான் ஹாலுக்குள்ள வராதே சார். எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்துல உக்கார வச்சிடுறோம்."

சாப்பாட்டுக் கூடத்துக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு பெரிய கம்பி ஜன்னல் இருக்கிறது என்பதை அவரும் யோசிக்கவில்லை. சொல்லப்போனால் முதல் மேசை அந்த ஜன்னலைப் பார்த்தபடிதான் போடப்பட்டிருந்தது.

கடைசிச் சுற்று. முதல் மேசையில் வெள்ளைக்காய், அரியலூர்ப் பெண் கீர்த்தனா. கறுப்புக்காய், லப்பைக்குடிக்காட்டுப் பெண் பர்வீன், பிளஸ் டூ முடிக்கப் போகிறவள். கீர்த்தனா அரைப் புள்ளி முன்னால் இருந்தாள். அவளுக்கு டிரா போதும். பர்வீன் ஜெயித்தே ஆகவேண்டும். மாநிலப் போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் திருச்சியில் அவள் கேட்ட கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும். அது இல்லாவிட்டால் அந்தக் கல்லூரி வாசலைக்கூட மிதிக்க முடியாது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், காலையிலிருந்து அவள் அப்பா ஜமால் பாய் மண்டபத்தில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், சமையல்காரர் உட்பட.

ஜமால் பாய் வளைகுடாவில் வேலை செய்கிறவர். லீவில் வந்திருந்தார். மகள் ஆடுவதை அவர் நேரில் பார்ப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதுவரை அவள் இணையத்தில் ஆடுகிற ஆட்டங்களை அங்கே அறையில் படுத்துக்கொண்டு போனில் பார்ப்பதுதான். இப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண் போனிலும் ஒரு கண் மகள் மேலுமாக நின்றார்.

ஆட்டம் பாதியைத் தாண்டும்போது கீர்த்தனாவின் பயிற்சியாளர் சுந்தர் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து எழுந்து என்னிடம் வந்தார். அந்த ஆளை எனக்கு எப்போதுமே ஆகாது. தன் மாணவி தோற்றால் விளக்கு சரியில்லை என்பார், நாற்காலி ஆடுகிறது என்பார், சாம்பார் வாசனை வருகிறது என்பார். அன்றைக்கு வேறு பாட்டு.

"சார், அந்தப் பொண்ணு அப்பனப் பாத்துப் பாத்து ஆடுது. அந்தாளு போன்ல மெஷினப் பாத்துட்டு மூஞ்சியால சொல்லிக் குடுக்குறாரு. நான் சும்மா சொல்லல, எல்லாம் வீடியோ எடுத்து வச்சிருக்கேன்."

பார்த்தேன். உண்மைதான். பர்வீன் நிமிர்கிறாள், ஜன்னலைப் பார்க்கிறாள். ஜமால் பாய் முகம் சுருங்குகிறது, தோள்துண்டை எடுத்துத் துடைக்கிறார். அவள் குனிகிறாள், ரொம்ப நேரம் யோசிக்கிறாள், ஆடுகிறாள். கீர்த்தனாவின் குதிரை பறிபோகிறது.

"இது சைகை சார்! ஆட்டத்தக் கீர்த்தனாவுக்குக் குடுங்க. குடுக்கலேன்னா நான் மேல எழுதுவேன், குரூப்புல போடுவேன்" என்று ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அதற்குள் மற்ற மேசைகளில் தலைகள் திரும்பிவிட்டன.

நான் கடிகாரத்தை நிறுத்தினேன். இரண்டு பெண்களையும் மேசையிலேயே இருக்கச் சொன்னேன். வித்யா ஏற்கெனவே மடிக்கணினியைத் திறந்துவிட்டாள். அதுவரை ஆடிய ஆட்டத்தை அந்தக் கண்டுபிடிக்கிற மென்பொருளில் போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சார், சந்தேகப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. பர்வீன் ரெண்டு மூணு எடத்துல சொதப்பியிருக்கா. மெஷினக் கேட்டு ஆடுற ஆட்டம் இது இல்ல. கிளீனுன்னு காட்டுது."

உங்களில் பலர் இதோடு ஃபைலை மூடியிருப்பீர்கள். மூடாதீர்கள் என்பதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

நான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். ஜமால் பாய் அழாத குறையாக நின்றிருந்தார்.

"என்ன பாய், மூஞ்சி இப்பிடி இருக்கு?"

"போச்சு சார், தோத்துட்டா எம்மவ. இங்க பாருங்க." போனை நீட்டினார். பலகைக்குப் பக்கத்தில், யார் கை ஓங்கியிருக்கிறது என்று மெஷின் காட்டுகிற பட்டை. பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருக்கவேண்டியதில், வெள்ளை அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மீதியெல்லாம் கறுப்பு. "பாருங்க, வெள்ளை அடியோட எறங்கிருச்சு. கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"வெள்ளை எறங்குனா தோத்துருவாங்கன்னு ஒங்களுக்கு யாரு பாய் சொன்னா?"

"எங்க ரூம்ல ஒரு மலையாளப் பையன் இருக்கான் சார். அவந்தான் இந்த ஆப்பையே போட்டுக் குடுத்தான். வெள்ளை ஏறுனா நமக்கு நல்லதுன்னு சொன்னான்."

அந்தப் பையன் சொன்ன அன்றைக்குப் பர்வீன் வெள்ளைக்காயில் ஆடியிருப்பாள். அவன் மேல் தப்பில்லை. இவர் அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கு மகள் ஆடுவது கறுப்பு. அவள் ஒரு குதிரையை வெட்டி மேலே இருக்கிறாள், ஜெயிக்கப் போகிறாள். இந்த மனுஷன் ஜன்னலில் நின்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்!

எனக்குச் சிரிப்பு பொங்கியது. மென்பொருள் கிளீன் என்கிறது. அப்பா முகம் சொல்வதோ எல்லாம் தலைகீழ். அந்த முகத்தை நம்பி ஆடினால் எவளும் தோற்றுத்தான் போவாள். இதில் உதவி எங்கே இருக்கிறது? சுந்தர் வாயை அடைக்க இது போதும். பர்வீனிடம் சம்பிரதாயத்துக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம் என்று, அவளை மணமகள் அறைக்குக் கூட்டிப்போனேன். வித்யாவும் கூட வந்தாள். கண்ணாடி முன்னால் யாரோ விட்டுப்போன கனகாம்பரமும் குண்டூசியும் கிடந்தன.

"பயப்படாதம்மா. ஒங்க அத்தா அந்த ஆப்பத் தப்பாப் பாத்துக்கிட்டு இருக்காரு. நீ ஜெயிக்கிறத தோக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. ஒனக்கு அது தெரியாதுல்ல?" என்றேன். இல்லை என்று தலையாட்டினால் முடிந்தது கதை. நான் கதவைத் திறக்கவே எழுந்துவிட்டேன்.

"தெரியும் சார்."

உட்கார்ந்தேன். "என்ன தெரியும்?"

"நான் கறுப்புல ஆடுனா அத்தா எல்லாத்தயும் மாத்திப் புரிஞ்சுக்குவாரு. போன்ல பேசுறப்பவே தெரியும். நான் ஜெயிச்ச அன்னிக்கு, மெஷினு ஒன்னயத் திட்டுச்சே, எப்பிடிம்மா தப்பிச்சேம்பாரு."

"அப்ப இன்னிக்கு?"

"மொதல்ல சும்மாதான் சார் பாத்தேன். அத்தா வந்திருக்காரேன்னு. அப்பறம் ஒரு தடவ பாத்தா மூஞ்சி பொசுக்குன்னு வாடிப் போச்சு. அப்ப கீர்த்தனா ஏதோ தப்பா ஆடிட்டான்னு புரிஞ்சுபோச்சு. தேடுனேன். குதிரை கெடச்சுது."

வித்யா என்னைப் பார்த்தாள். நான் மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்தேன். உலகத்தையே ஜெயிக்கிற மெஷினின் அபிப்பிராயம், அதைப் படிக்கத் தெரியாத ஒருவர் முகத்தில் தலைகீழாக விழுந்து, அதை மகள் நிமிர்த்திப் படித்திருக்கிறாள். எந்தக் கருவி இதைக் கண்டுபிடிக்கும்? காயை இங்கே வை என்று யாரும் சொல்லவில்லை. 'இப்போது ஏதோ இருக்கிறது, தேடு' என்று மட்டும் தெரிந்தால் போதும், செஸ்ஸில் அதுதான் பாதி வேலை. ஆட்டம் முழுக்க ஒரே ஒரு தடவை. அதனால்தான் மென்பொருள் கிளீன் என்றது. சுந்தர் சொன்னது கடைசியில் சரியாகப் போய்விட்டது. எனக்கு அந்த வயிற்றெரிச்சல் வேறு.

"ஏம்மா, அம்மா தாயே! ஆமா இல்லைன்னு நான் கேட்டேன். இல்லைன்னு சொல்றதுக்கு ஒனக்கு வாய் வரலியா?" கத்திவிட்டேன். நடுவர் பேசக்கூடாத பேச்சு. இருந்தாலும் பேசினேன்.

"நீங்க கேட்டீங்களே சார்."

"சரி, அந்தக் குதிரைய நீயே பாத்திருப்பியே? அத்தா மூஞ்சி இல்லாட்டியும்?"

"தெரியல சார். அதான் சார். பாத்திருப்பேனான்னு எனக்கே தெரியல." அப்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது.

வித்யா கேட்டாள், "அத்தாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, அது மாத்தின்னு?"

"சொன்னா இத்தன வருசம் தப்பாப் பாத்தோமேன்னு வெக்கப்பட்டுப் பாக்கறதையே விட்டுருவாரு மேடம். வேற என்னத்தப் பத்தி எங்கிட்டப் பேசுவாரு? சாப்பிட்டியாம்பாரு, ஒடம்பு நல்லாருக்காம்பாரு. இது ஒண்ணுதான் ரொம்ப நேரம் பேசுவாரு."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். உங்கள் விதிப்புத்தகத்தில் இதற்கு எந்தப் பக்கம்? ஆட்டத்தைப் பறித்துக் கீர்த்தனாவுக்குக் கொடுக்கலாம். விதி இடம் கொடுக்கிறது. கொடுத்தால் 'வெளி உதவி' என்று பெயர் ஒட்டிக்கொள்ளும். ஊர் ஊராக வாட்ஸாப்பில் சுற்றும், பர்வீன் இனி எங்கே போய் உட்கார்ந்தாலும் எதிரில் இருப்பவள் ஜன்னலைத்தான் பார்ப்பாள். ஒன்றும் செய்யாமல் விட்டால் கீர்த்தனாவுக்கு அநியாயம். அந்தப் பெண்ணும் உழைத்துத்தான் வந்திருக்கிறாள். பயிற்சியாளர் வாய்க்கு அவள் என்ன செய்வாள்?

கோபமாக இருக்கும்போது முடிவெடுக்காதீர்கள் என்று எனக்கு ஒரு மூத்த நடுவர் சொல்லியிருக்கிறார். கோபமே இல்லாத நேரம் பார்த்து முடிவெடுக்க நமக்கு எவன் அவகாசம் கொடுக்கிறான்? வெளியே சுந்தர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். நான் என் முடிவைச் சொன்னேன். நேரலையை நிறுத்தவேண்டும். ஜமால் பாய் மண்டபத்துக்கு வெளியே போகவேண்டும். யாரும் உதவி கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்பதால் ஆட்டம் பறிக்கப்படாது. கீர்த்தனாவுக்குக் கூடுதல் நேரம். மேசையைத் திருப்பிப் போட்டு ஆட்டம் தொடரும். இது சரியா தப்பா என்று வித்யா இன்றைக்கும் என்னோடு சண்டை போடுவாள். போடட்டும். அந்த அறையில் அந்த நேரத்தில் எனக்கு எட்டியது அவ்வளவுதான்.

பர்வீன் கேட்டுக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். நான் முடிவை அறிவித்தேன். சுந்தர் ஏதோ கத்தினார். கடிகாரத்தை ஓடவிடக் கையை நீட்டினேன். அதற்குள் பர்வீன் நின்றபடியே கீர்த்தனாவிடம் கையை நீட்டினாள்.

"நான் விட்டுக்குடுக்கிறேன்."

கீர்த்தனாவுக்குப் புரியவில்லை. "நீங்கதானக்கா ஒரு குதிரை மேல இருக்கீங்க?" என்றாள் பலகையைப் பார்த்து.

"இருக்கட்டும்."

ஒருத்தி ஆட்டத்தை விட்டுக்கொடுப்பதை எந்த நடுவரும் தடுக்க முடியாது. கை கொடுத்தாகிவிட்டது, முடிந்தது. "பாத்தீங்களா, மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் கெளம்பிட்டா" என்று சுந்தர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில், விசில் மட்டும் கையில் இருந்திருந்தால் அந்த ஆளை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டிருப்பேன். என்ன நடந்தது என்று நான் சொல்லவும் முடியாது. சொன்னால் பர்வீன் பெயர்தான் கெடும். வாயை மூடிக்கொண்டு முடிவில் கையெழுத்துப் போட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், மென்பொருள் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் நல்லது வரும், அதையும் வாங்குங்கள். ஆனால் அது கிளீன் என்று காட்டியதும் பெருமூச்சு விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஆடுகிறவர் யாரைப் பார்க்கிறார், ஏன் பார்க்கிறார் என்று போய்க் கேளுங்கள். எரிச்சலூட்டுகிற ஆள் புகார் கொடுத்தாலும் காது கொடுங்கள், அவன் சொல்வது சரியாக இருந்து தொலைக்கலாம். நேரலையைத் தாமதித்து அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பாவிட்டால் மின்பலகையின் ஒயரைப் பிடுங்கி எறியுங்கள். நான் அன்றைக்குக் காலையிலேயே அதைச் செய்திருக்கவேண்டும், கேட்டுக்கொண்டு மட்டும் நின்றேன்.

பர்வீன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் பின்னால் போனேன். ஜமால் பாய் வாழைமரத்தடியில் நின்றிருந்தார். நேரலை நின்ற இடத்திலேயே அவர் போனும் நின்றிருந்தது. பட்டையில் வெள்ளை அடியில் கிடந்தது.

"தோத்துட்டேன் அத்தா" என்றாள்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அவள் தலையில் கையை வைத்தார். "விடும்மா, நீ என்ன பண்ணுவ. இது அப்பவே காட்டிருச்சு." என்னிடம் போனைத் தூக்கிக் காட்டினார். "நான் சொன்னேன்ல சார், தோத்துட்டான்னு? மெஷினு பொய் சொல்லாது."

எனக்குத் தாங்கவில்லை. "பாய், அது வந்து..." என்று ஆரம்பித்தேன். பர்வீன் என்னைப் பார்த்தாள்.

"ஆமா அத்தா, சரியாத்தான் காட்டுச்சு" என்றாள். "நீங்க கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"கண்ண எடுக்கலையேம்மா" என்றார் ஜமால் பாய்.